காட்ஸ்: இரண்டெழுத்தில் அடங்கிய ஒரு குடும்பப் பெயர்

காட்ஸ் என்ற பெயரைக் கண்டதும் ஜெர்மன் மொழியில் பூனையைக் குறிக்கும் சொல்லோடு அதை முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். யூதக் குடும்பங்களைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் தவறு. 'கோஹேன் ட்ஸெதெக்', அதாவது நீதியின் ஆசாரியர் என்ற எபிரேயத் தொடரின் முதலெழுத்துகளான காஃபும் ட்ஸாதியும் சேர்ந்தால் காட்ஸ். ஆசாரியர்கள் நீதியைத் தரிக்கட்டும் என்று 132ஆம் சங்கீதம் வேண்டுகிறது. ஆசாரியரும் நீதியும் அந்த வரியிலேயே சேர்ந்து நிற்கின்றன.

கோஹேன் என்பது, யூதர்களின் முதல் தலைமைப் பூசாரியான ஆரோனின் வழிவந்த ஆண்களுக்குத் தந்தை வழியில் இறங்கும் தகுதி. தொழுகைக்கூடத்தில் யூத வேதமான தோராவை வாசிக்கும்போது முதல் அழைப்பு அவருக்குத்தான். விவாகரத்தான பெண்ணை அவர் மணக்கக் கூடாது. நெருங்கிய உறவினரைத் தவிர வேறு யாருடைய பிணத்தின் அருகிலும் போகக் கூடாது. இத்தனை விதிகள் இருப்பதால், திருமண ஒப்பந்தம், மணமுறிவுச் சீட்டு, கல்லறைக் கல் எதுவானாலும் பெயரோடு அந்தத் தகுதியையும் எழுதியாக வேண்டியிருந்தது. பெயருக்குப் பின்னால் வந்த அந்தக் குறிப்புதான் பிறகு குடும்பப் பெயராக நிலைத்தது. பிராக் நகரில் 1526இல் பஸ்கா பண்டிகைக்கான நூலை அச்சிட்ட கெர்ஷோம், ஹகோஹேன் என்றே அறியப்பட்டவர். அதே அச்சகக் குடும்பத்தில் பின்னால் வந்த மோசே பென் பெட்ஸலெலின் பெயரோடு காட்ஸ் ஒட்டியிருக்கிறது.

யூதர்கள் நிலையான குடும்பப் பெயர் வைத்தாக வேண்டும் என்ற அரசுகளின் கட்டாயம் அதற்கும் வெகுகாலம் கழித்து வந்தது. ஆஸ்திரியாவில் இரண்டாம் ஜோசப் 1787 ஜூலை 23இல் பிறப்பித்த ஆணை 1788 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ரஷ்யா 1804இல், பிரான்ஸ் 1808இல், பிரஷ்யா 1812இல். ஆகவே ஒரு காட்ஸ் குடும்பத்துக்கும் இன்னொன்றுக்கும் பொது மூதாதை இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஊருக்கு ஊர் தனித்தனியே ஏற்ற பெயர் இது.

காட்ஸ் என்றாலே கோஹேன்தான் என்று முடிவு கட்டுவதைத்தான் முதலில் கைவிட வேண்டும். அன்று ஆஸ்திரிய ஆட்சியில் இருந்த கலீசியாவில் (இன்றைய தென் போலந்தும் மேற்கு உக்ரைனும்) யூதர்கள் பலர் சமயச் சடங்கோடு மட்டும் மணம் செய்துகொண்டார்கள்; அரசுப் பதிவு செய்யவில்லை. அதனால் பிள்ளைகள் முறைப்படி பிறக்காதவர்கள் என்று கருதப்பட்டுத் தாயின் குடும்பப் பெயரில் பதியப்பட்டார்கள். தாய் காட்ஸ், தந்தை ரோசன் என்றால் மகன் ஆவணத்தில் காட்ஸ், ஆனால் கோஹேன் அல்ல. மாறாகத் தாய் ரோசன், தந்தை கோஹேனான காட்ஸ் என்றால் மகன் கோஹேன், ஆவணத்திலோ ரோசன். பதிவேட்டில் 'ரெக்டே', 'ஃபால்சோ' என்ற லத்தீன் குறிப்புகளைத் தேடுங்கள். 'காட்ஸ் ரெக்டே ரோசன்' என்றால் ஊரார் அழைப்பது காட்ஸ், சட்டப்படி ரோசன். 'ரோசன் ஃபால்சோ காட்ஸ்' என்றாலும் அதே பொருள்தான், வரிசை மட்டும் மாறுகிறது. நகலெடுப்பவர்கள் இந்தக் குறிப்பைத் தள்ளிவிட்டுப் பெயரை மட்டும் எழுதிக்கொள்வதால்தான் பல வம்சாவளிகள் பாதியில் அறுந்துபோகின்றன.

தந்தை வழியை உறுதிசெய்யக் கல்லறைக் கல்லை நம்பலாம். இரு உள்ளங்கைகளும் விரிந்து, நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையே இடைவெளி தெரியும் சின்னம் கோஹேனுடையது. ஆசி கூறும்போது கைகள் அப்படித்தான் இருக்கும். தண்ணீர்க் குடுவை செதுக்கியிருந்தால் அது ஆசாரியர்களுக்கு உதவிய லேவியர் குலத்தவரின் கல். எழுத்தில், தந்தையின் பெயருக்குப் பிறகு 'ஹகோஹேன்' என்றோ, இரண்டு எழுத்துகளுக்கு நடுவே மேலே இரட்டைக் கோடு போட்ட சுருக்கமாகவோ வரும். அந்தக் கோடுகள்தான் இது சுருக்கம் என்பதற்கு அடையாளம். கல் தேய்ந்திருந்தால் முதல் எழுத்தை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். மூன்று கிளை உள்ள ஷின்னாக இருந்தால் அது ஷாட்ஸ். தொழுகையை முன்னின்று நடத்துபவரைக் குறிக்கும் வேறு சுருக்கம், வேறு குடும்பம். பெண்ணின் கல்லில் தந்தையின் பெயரை ஒட்டி 'ஹகோஹேன்' இருந்தால் அது தந்தையின் தகுதி. கணவருக்கு அதைச் சூட்டிவிடாதீர்கள்.

காட்ஸெனெலன்போகன் ஒலியில் நெருங்கி வந்தாலும் வேறு பெயர். ஜெர்மனியின் ரைன்லாந்து-பாலட்டினேட் மாநிலத்தில் உள்ள ஓர் ஊரின் பெயர் அது.

கணினித் தேடலில் எழுத்துக்கூட்டல்தான் பெரிய தடை. போலிஷ் மொழியில் கடைசி ஒலிக்குச் 'சி' ஒன்றே போதும் என்பதால் கே, ஏ, சி என மூன்றே எழுத்துகளில் எழுதிவிடுவார்கள். கணிதவியலாளர் மார்க் காட்ஸின் பெயர் அப்படித்தான். பெயர்களை ஒலிப்படி குறியீடாக்கும் சாதாரண சவுண்டெக்ஸ் முறையில், கே, ஏ, டி, இசட் என எழுதும் ஜெர்மன் வடிவம் கே320 என்றும் போலிஷ் வடிவம் கே200 என்றும் பிரிந்துபோகும். ஒன்றைத் தேடினால் மற்றது வராது. கிழக்கு ஐரோப்பிய யூதப் பெயர்களுக்கென உருவான டைட்ச்-மொகோடாஃப் முறையில் ஜெர்மன் வடிவத்தின் குறியீடு 540000. போலிஷ் வடிவத்துக்கு 540000, 550000 என இரண்டு குறியீடுகள், ஏனென்றால் அந்தச் 'சி' ட்ஸ் ஆகவும் இருக்கலாம், க் ஆகவும் இருக்கலாம். தளம் அந்த முறையைத் தந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் இரண்டு வடிவங்களையும் தனித்தனியே தட்டச்சு செய்து தேடுவதே வழி.