நின்று விளையாடுவது

ஜனவரி 5, 2025, ஞாயிறு

செல்லூரில் பிள்ளைகளைக் குத்துச்சண்டைக்கு இழுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. ரவுண்டானாவில் கபடி வீரர்களுக்குச் சிலை வைத்திருக்கிற ஊர். அதையும் தாண்டி என் மொட்டை மாடிக்குப் பயிற்சிக்கு வருகிறவர்களில் ஒருவன் இடதுகைக்காரன். பெயர் வேண்டாம், தம்பி என்றே எழுதுகிறேன். நேற்று வெளியூரில் ஒரு போட்டியில் தோற்றுவிட்டான்.

தோற்றவன் முகத்தில் ஒரு கீறல் கிடையாது. ஜெயித்தவனுக்குத்தான் மூக்கு சிவந்திருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் திருமங்கலம் வரை வாயே திறக்கவில்லை. அப்புறம், "மாஸ்டர், அவன் என்னையத் தொடவே இல்லையே" என்றான். வாஸ்தவம்தான். ஆனால் இவனும் அவனை அதிகம் தொடவில்லை. மூன்று ரவுண்டும் பின்னால் போய்க்கொண்டே இருந்தான். எதிராளி காற்றைக் குத்தினாலும் முன்னால் வந்து குத்தினான். பார்க்கிறவர்களுக்கு அவன்தான் சண்டை போட்டவன்.

நடுவர்களைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. தம்பியின் போனில் ஒரு பெயரைத் தட்டிக் கொடுத்தேன்: கியேர்மோ ரிகோண்டோ. பார்த்துவிட்டு வா, பேசுவோம்.

ஜனவரி 7, செவ்வாய்

மார்கழிக் குளிரில் நாலு பேர்தான் வந்தார்கள். தம்பி ராத்திரி முழுக்கப் பார்த்திருக்கிறான் போல, கண்ணெல்லாம் சிவப்பு.

ரிகோண்டோ, சுருக்கமாக ரிகோ, கியூபா நாட்டுக் குத்துச்சண்டைக்காரர். 2000 சிட்னி, 2004 ஏதென்ஸ், இரண்டு ஒலிம்பிக்கிலும் 54 கிலோ எடையில் தங்கம். இவரும் இடதுகைக்காரர். அந்தக் காலத்து ஒலிம்பிக் சண்டை இப்போது மாதிரி இல்லை. இரண்டு நிமிட ரவுண்டு நாலு. ரிங்கைச் சுற்றி ஐந்து நடுவர்கள், ஒவ்வொருவர் கையிலும் பொத்தான். ஒரு குத்து விழுந்தால் ஏறத்தாழ ஒரே நொடிக்குள் மூன்று பேராவது அழுத்தினால்தான் ஒரு புள்ளி. வலிக்க அடித்தாலும் ஒன்றுதான், சுத்தமாகத் தொட்டாலும் ஒன்றுதான். அப்படியென்றால் புத்திசாலி என்ன செய்வான்? தெளிவாக ஒன்று வைத்துவிட்டு நகர்ந்துவிடுவான். ரிகோவுக்கு அதில் மிஞ்ச ஆளில்லை.

அந்தப் பொத்தான் முறை போய் 2013 முதல் ரவுண்டுக்குப் பத்துப் புள்ளி முறை வந்துவிட்டது: ரவுண்டில் ஜெயித்தவருக்குப் பத்து, மற்றவருக்கு அதற்குக் கீழே. யார் ரவுண்டைக் கையில் வைத்திருந்தார் என்பதும் இப்போது கணக்கு. தம்பி சனிக்கிழமை ஆடியது 2004-க்கான ஆட்டம்.

ஜனவரி 9, வியாழன்

நேற்று ரிகோவும் டோனேரும் மோதிய சண்டையைச் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம். 2013 ஏப்ரல் 13, நியூயார்க், ரேடியோ சிட்டி மியூசிக் ஹால். நோனிட்டோ டோனேர் அப்போது உச்சத்தில் இருந்தவர், 2012-இன் சிறந்த வீரர் என்று அமெரிக்கக் குத்துச்சண்டை எழுத்தாளர்கள் சங்கம் தேர்ந்தெடுத்திருந்தது. ரிகோ தொழில்முறைக்கு வந்து 11 சண்டைதான் ஆகியிருந்தது.

நான் எத்தனை தடவை பார்த்தாலும் அவர் முன்காலைத்தான் பார்ப்பேன். டோனேரின் இடது ஹூக், அதாவது பக்கவாட்டில் வளைத்து விடும் குத்து, ஆளைச் சாய்க்கிற ஹூக். அது கிளம்புவதற்கு முன்பே ரிகோவின் முன்கால் அங்கே இருக்காது. கால் நகர்ந்த இடத்திலிருந்து நேராக ஒரு இடதுகைக் குத்து. திரும்பத் திரும்ப இதேதான். பத்தாவது ரவுண்டில் ரிகோ ஒருமுறை கீழே விழுந்தார், எழுந்து மறுபடி அதே வேலை. கடைசி ரவுண்டில் டோனேர் வலது கண்ணைக் கிளவுஸால் மறைத்தபடி ஆடினார். மூன்று நடுவர்களும் ரிகோவுக்கே கொடுத்தார்கள்.

அதே அரங்கத்தில் கேலிக் கூச்சலும் கேட்கிறது. ஜெயித்தவரைப் பார்த்து!

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. இவ்வளவு பெரிய வெற்றிக்கு அடுத்து பெரிய சண்டைகள் வரிசையில் நிற்க வேண்டும். ஒன்றும் வரவில்லை. இவரைத் தொலைக்காட்சிக்கு விற்க முடியவில்லை என்று அவருடைய போட்டி அமைப்பாளர் பாப் ஆரமே வெளிப்படையாக அலுத்துக்கொண்டார். மற்ற சாம்பியன்களுக்கு இவரோடு மோதி என்ன லாபம்? தோற்பது நிச்சயம், போதாக்குறைக்கு அசிங்கமாகத் தெரியவேண்டும், பணமும் கம்மி.

ஜனவரி 11, சனி

தம்பியின் அம்மா வந்திருந்தார். "அண்ணே, பிள்ளை அடி வாங்காம வந்தா நல்லதுதானே? நீங்க எதுக்கு அவனைக் கிட்டக்கப் போகச் சொல்றீங்க?" என்றார். நல்ல கேள்வி. தலையில் வாங்கும் குத்து எங்கேயும் போகாது, உள்ளேயே சேரும். சின்ன வயதில் பேர் வாங்கிவிட்டு நாற்பதில் வாய் குழறுகிறவர்கள் உண்டு. ரிகோ நாற்பது தாண்டியும் ரிங்கில் நின்றார் என்றால் அந்த ஜாக்கிரதைதான் காரணம்.

"அடி வாங்கச் சொல்லலம்மா, தூரத்தைக் குறைக்கத்தான் சொல்றேன்" என்றேன். நம்பியதாகத் தெரியவில்லை. வாங்கி வந்த பருத்திப்பாலைக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஜனவரி 12, ஞாயிறு

தம்பி மடக்கினான்: "அப்ப மேவெதர் மட்டும் எப்படி மாஸ்டர் சம்பாதிச்சாரு? அவரும் இப்படித்தானே?"

சரியான இடத்தில் பிடித்தான். அமெரிக்க சாம்பியன் மேவெதரும் அடி வாங்காத ஆட்டம்தான். 2015-இல் பிலிப்பைன்ஸ் வீரர் பாக்கியாவோவுடன் மோதியபோது அமெரிக்காவில் மட்டும் 46 லட்சம் வீடுகளில் காசு கட்டிப் பார்த்தார்கள். பாதிப் பேர் அவர் தோற்பதைப் பார்க்கத்தான் கட்டினார்கள். மனிதர் தன்னை வில்லனாக்கி விற்றார். ரிகோவுக்கு அந்த வாய் கிடையாது, ஆங்கிலமும் வராது.

இன்னொன்று, கூட்டம். மெக்சிகோக்காரருக்கு மெக்சிகோவே பின்னால் வரும். டோனேருக்குப் பிலிப்பினோக்கள். ரிகோ 2007-இல் ரியோவில் கியூபா அணியிலிருந்து விலகி, பிடிபட்டுத் திருப்பி அனுப்பப்பட்டு, சொந்த நாட்டில் கிளவுஸ் மாட்டவே வழியில்லாமல் கிடந்து, 2009-இல் தப்பி மயாமி வந்தவர். முதல் தொழில்முறைச் சண்டையின்போது வயது 28. கைதட்ட ஊர் இல்லாத ஆள். ஸ்டைல்தான் அவரைக் கெடுத்தது என்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. ஆனாலும் முழுப்பழியை இதன்மேல் போடவும் நான் தயாரில்லை.

ஜனவரி 15, புதன்

பாலமேடு. தம்பியின் தாய்மாமன் காளைக்கு டோக்கன் கிடைத்திருந்தது, என்னையும் கூட்டிப் போனார்கள்.

எங்களுக்கு முன்னால் ஒரு கருப்புக் காளை. வாடிவாசலை விட்டு வந்ததும் ஓடவில்லை. நடுவில் நின்றது. நாலாபக்கமும் ஆள், ஒருத்தனுக்கும் கிட்டப் போகத் துணிவில்லை. ஒருவன் கை நீட்டினால் கொம்பு அந்தப் பக்கம் திரும்பும், கையை எடுத்தால் தானும் நிற்கும். மைக்கில் "தொட்டுப் பார், தொட்டுப் பார்" என்று கத்துகிறார்கள், மேடையே எழுந்து நிற்கிறது. யாரையும் முட்டவில்லை, யாரிடமும் பிடிபடவில்லை. ஆசை தீர நின்றுவிட்டுப் போனது.

மாமனின் காளை வந்தது. வந்த வேகத்தில் நேரே ஓடியே போய்விட்டது. அதுவும் பிடிபடவில்லை, பரிசும் உண்டு. மாமனுக்கு முகமே இல்லை. "பரிசு கிடக்குது மாஸ்டர், பேரு வராதுல்ல" என்றார்.

தம்பி என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. கரும்பு வாங்கிக்கொண்டு வந்தோம்.

ஜனவரி 18, சனி

ரிகோவுக்கு அடிக்கத் தெரியாது என்று எவனாவது சொன்னால் 2014 டிசம்பர் 31 ஒசாகா சண்டையைக் காட்டலாம். ஏழாவது ரவுண்டில் அமகாசா என்ற ஜப்பானியர் இவரை இரண்டு முறை கீழே தள்ளினார். அதற்குப் பிறகு ரிகோ வேறு ஆள். அமகாசாவின் முகம் வீங்கிக் கன்ன எலும்பு உடைந்து, பதினொன்றாவது ரவுண்டோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்த ஆட்டத்தை மற்ற நாளில் பாதியாவது ஆடியிருக்கலாம். எனக்கு வயிற்றெரிச்சல் அதுதான்.

மறுகோடியில் 2021 ஆகஸ்ட், பிலிப்பைன்ஸ் வீரர் காசிமெரோவோடு போட்ட சண்டை. இரண்டு பேரும் சேர்ந்து 12 ரவுண்டில் பதித்த குத்து 91. அடிகளை எண்ணும் கம்ப்யூபாக்ஸ் கணக்கில் அதுவரை 12 ரவுண்டுச் சண்டையில் இவ்வளவு குறைவாக விழுந்ததில்லை. துரத்தியவர் காசிமெரோ, நடுவர்கள் ஒருமனதாக இல்லாத பிரிந்த தீர்ப்பில் ஜெயித்ததும் அவரே. அன்று ரிகோ நிற்கவில்லை, சுற்றிக்கொண்டே இருந்தார். டோனேருக்கு எதிராக நகர்ந்தது அடிப்பதற்காக. இங்கே நகர்ந்தது நகர்வதற்காக மட்டும். தம்பி பாதியிலேயே போனை அணைத்துவிட்டான்.

உக்ரைன் வீரர் லோமசென்கோவோடு போட்ட சண்டையைப் பற்றி எழுத விருப்பமில்லை. ரிகோ 37 வயதில் இரண்டு எடைப்பிரிவு மேலே போய், ஆறு ரவுண்டோடு கை வலி என்று ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஜனவரி 19, ஞாயிறு

மாடியில் சாக்பீஸால் வட்டம் போட்டேன். ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சிச் சண்டையில், தம்பி அதைவிட்டு வெளியே போகக் கூடாது. முகத்தைக் காக்கும் கைகள் இறங்கக் கூடாது, அடித்தபின் ஒரு காலடி விலகலாம், மூன்று கூடாது. முதல் ரவுண்டு கண்றாவி. இரண்டாவதில் தலையை மட்டும் சாய்த்து எதிராளியின் ஒரு ஹூக்கைக் காற்றில் போகவிட்டான், உடனே இடது கை போய் விழுந்தது. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்த சின்னப் பசங்க கத்தினார்கள்.

முடிந்ததும் கிளவுஸைக் கழற்றிக்கொண்டே கேட்டான். "எல்லாம் சரி மாஸ்டர். ஆனா அவரு ரெண்டு தங்கம் வாங்கினவரு. நான் இன்னும் ஜில்லாவையே தாண்டல. அவரு மாதிரி தோத்தாக்கூட எனக்குப் போதுமே?"

ஸ்கிப்பிங் கயிறை எடுக்கச் சொன்னேன்.