சுவரிலிருந்து ஒரு மீட்டர்

ஜூன் 1, ஞாயிறு

கால்பந்து ஆட்டத்தில் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். தோல்வியைவிட, கிடைத்த நான்கு ஃப்ரீ கிக்குகளையும் எதிரணியினர் வரிசையாக நின்ற தடுப்புச் சுவரிலேயே அடித்து வீணாக்கியதுதான் உறுத்துகிறது. சுவருக்கு மேலே வளைத்துப் போடும் வலு நான் பயிற்சி தரும் பையன்களின் பதின்மூன்று வயதுக் கால்களுக்கு இன்னும் வரவில்லை. வேறு வழி கண்டுபிடித்தாக வேண்டும்.

ஜூன் 3, செவ்வாய்

இரவு பழைய கோல்களைத் தேடிப் பார்த்தேன். 1970-இல் இங்கிலாந்தின் எவர்ட்டன் கிளப்புக்கு எதிராகக் கவென்ட்ரி கிளப் அடித்தது அற்புதம். வில்லி கார் பந்தை இரு குதிகால்களுக்கு இடையே கவ்வி மேலே எத்திவிட, எர்னி ஹன்ட் அந்தரத்திலேயே அடித்து வலைக்குள் சேர்த்துவிட்டார். பிறகு அந்த உத்தியைத் தடைசெய்துவிட்டார்கள்.

என்னைத் தூங்கவிடாதது 1998 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக அர்ஜென்டினா போட்ட கோல். பட்டிஸ்டுட்டா ஓடிவந்து பந்தைத் தொடாமலே தாண்டிப் போகிறார். வெரோன் தரையோடு தள்ளுகிறார். சுவரோரத்திலிருந்து நழுவிய சனெட்டி வாங்கி அடிக்கிறார். இதை என் பையன்களால் செய்ய முடியும்!

ஜூன் 5, வியாழன்

காலை ஐந்தரைக்கே வியாசர்பாடி மைதானத்தில் கூடிவிட்டோம். பந்திலிருந்து சுவர் தள்ளி நிற்க வேண்டிய தூரமான 9.15 மீட்டருக்கு, துணி காயப்போடும் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். காலடியால் அளந்தால் ஆளுக்கு ஆள் மாறிவிடுகிறது.

மூன்று பேரோ அதற்கு மேலோ நிற்கும் சுவரிலிருந்து நம் ஆள் ஒரு மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும் என்பது 2019-இல் வந்த விதி. ஒளிந்துகொள்ள முடியாது. கண்ணில் பட்டும் கவனத்தில் படாமல் நிற்க வேண்டும். அணியிலேயே சின்னவனை அங்கே நிறுத்தினேன். அவன் குனிந்து சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டான். நான் சொல்லித்தரவில்லை, அவனாகவே செய்தது.

சிக்கல் ஓடிவருபவனிடம் இருந்தது. தொடப்போவதில்லை என்று தெரிந்ததால் கடைசி இரண்டடியில் வேகம் குறைந்துவிடும். பத்து முறை பார்த்துவிட்டு, "அடிக்கப்போவது நீதான் என்று நினைத்து ஓடு" என்றேன். பதினோராவது முறை இடது காலை ஊன்றி, தோளைத் திருப்பி, முழு வீச்சில் வந்தான். சுவரில் நின்ற நால்வரும் எம்பிக் குதித்தார்கள். உத்தி தெரிந்தவர்களே குதித்தார்கள்! பந்தைத் தொடாத அவன்தான் இந்த உத்தியின் உயிர்.

ஜூன் 8, ஞாயிறு

இரண்டாம் பாதியில் பெனால்டி ஏரியாவுக்கு வெளியே ஃப்ரீ கிக். சுவர் குதித்தது, பாஸ் போனது, சின்னவன் வலைக்குள் தட்டிவிட்டான். கொடி உயர்ந்துவிட்டது. ஃப்ரீ கிக்கிலும் ஆஃப்சைடு உண்டு: பாஸ் உதைபடும் நொடியில் எதிரணித் தடுப்பாளர்களைத் தாண்டி நிற்கக் கூடாது. அரை அடி முந்திவிட்டான். நடுவர் முடிவு சரியானதுதான். ஆட்டம் சமனில் முடிந்தது.

ஜூன் 10, செவ்வாய்

பயிற்சிக்குச் சின்னவன் முதல் ஆளாக வந்து நின்றான்.

"அண்ணா, முதலில் ஓடிவருபவன் பந்தைத் தாண்டியதுமே நான் கிளம்பிவிடுகிறேன். பாஸ் கொடுப்பவனின் காலை மட்டும் பார்க்கட்டுமா?"

இரண்டு நாளாக நான் தேடியது அதுதான். இருபது முறை செய்தோம், பதினாறு முறை பிசகவில்லை. வெயில் ஏறியதும் கயிற்றைத் தேடினேன். அவன் அதைச் சுருட்டித் தன் பையில் வைத்துக்கொண்டிருந்தான்.