தவணை இல்லாத கார், எழுதக் கிடைக்கும் நேரம்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து டொராண்டோவுக்கு வந்து, வேலைக்கும் போய்க்கொண்டு தமிழிலும் எழுத நினைப்பவர்கள் முதல் இரண்டு வருஷம் புதுக் கார் பக்கமே போகாமலிருப்பது நல்லது. மாதத் தவணை ஏறினால் அதைக் கட்ட சனி, ஞாயிறும் ஷிஃப்ட் எடுக்க வேண்டிவரும். எழுத மிஞ்சுவதே அந்த இரண்டு நாள்தான். ஓடித் தேய்ந்த கொரோலாவோ சிவிக்கோ போதும். ஆனால் பார்த்து வாங்கி, குளிருக்குத் தயார் செய்யாவிட்டால் அந்த நேரத்தையும் அதுவே தின்றுவிடும்.

ஊரில் பழைய வண்டி பார்க்கும்போது புகை விடுகிறதா, தொப்பூர் கணவாய் ஏறினால் சூடாகிறதா என்று பார்ப்போம். இங்கே இன்ஜினைவிட அடிப்பாகம் முக்கியம். பனிக்காலம் முழுக்க ரோட்டில் உப்பு கொட்டுகிறார்கள், அது தகட்டை அரித்துவிடும். தரையில் படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள்: கதவுக்குக் கீழே ஓடும் ஓரத்தகடு, பின்சக்கர வளைவு, சஸ்பென்ஷனைத் தாங்கும் சப்ஃபிரேம், பிரேக் லைன். மேலாகப் படிந்த துருவுக்குப் பயமில்லை. ஸ்க்ரூடிரைவரால் தட்டும்போது செதிலாக உதிர்ந்தாலோ முனை உள்ளே இறங்கினாலோ வாங்க வேண்டாம். அடியில் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள்.

ஆர்.சி.யில் ஹைப்பாதிகேஷன் பார்ப்பது போல, டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் தனிநபராக விற்பவர் தர வேண்டிய வண்டி விவரத் தொகுப்பில் லீன், அதாவது வண்டிமேல் தீராத கடன், இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கடன் வண்டியோடு சேர்ந்து வரும். 'சேஃப்டி' சான்றிதழ் 36 நாள்தான் செல்லும். நம்மூர் எஃப்.சி. போல, அன்றைக்கு ரோட்டில் ஓடத் தகுதி இருந்தது என்பதற்குமேல் அதற்கு அர்த்தமில்லை. பெயர் மாற்றும்போது 13 சதவீத வரி உண்டு. பேசிய விலை சந்தை மதிப்பைவிடக் குறைவாக இருந்தால் வரி சந்தை மதிப்புக்குத்தான். இதைக் கணக்கில் சேர்க்காமல் கையிலிருப்பது முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாதீர்கள்.

ஊர்ப் பழக்கத்தில் ஒன்றை அடியோடு விட வேண்டும்: ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் ஊற்றுவது. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருகும், இன்ஜின் பிளாக்கே விரிசல் விடலாம். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும். கண்ணாடி கழுவும் தொட்டியிலும் தண்ணீர் கூடாது, மைனஸ் 40 என்று போட்ட திரவம்தான். குளிர்கால டயர் நான்கு சக்கரத்துக்கும் வேண்டும். 7 டிகிரிக்குக் கீழே சாதா டயரின் ரப்பர் இறுகிப் பிடிமானம் போய்விடும். இரண்டுக்கு மட்டும் போட்டால் வளைவில் மற்ற இரண்டும் வழுக்கும்.

காலையில் செல்ஃப் எடுக்காமல் போவதற்குப் பெரும்பாலும் பேட்டரிதான் காரணம். மைனஸ் 18-இல் அதன் திறன் பாதியளவுக்கு இறங்கும். அதே நேரம் ஆயில் கெட்டியாகி, இன்ஜினைச் சுழற்றக் கூடுதல் மின்சாரம் கேட்கும். இரவு முழுக்க நின்ற வண்டியில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். ஐந்து வயது தாண்டிய பேட்டரியை அக்டோபரிலேயே மாற்றிவிடுங்கள். ஜம்பர் கேபிள் மாட்டும் வரிசை: சிவப்பை முதலில் செத்த பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில், கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸில். கடைசி முனை மட்டும் பேட்டரியில் வேண்டாம். செத்த வண்டி இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில், பேட்டரிக்குத் தள்ளி மாட்டுங்கள். அங்கே வரும் தீப்பொறி பேட்டரி வாயுவைப் பற்றவைக்கக் கூடாது.

இனி எழுத்து. பனி கொட்டினால் தாமதமாகும் என்று எல்லோரும் அரை மணி முன்னதாகவே கிளம்புவோம். பனி இல்லாத நாளில் அந்த அரை மணி வேலையிட பார்க்கிங்கில் மிச்சமாகும். வீட்டில் குழந்தை, சமையல், போன் என்று கிடைக்காத அமைதி அங்கே கிடைக்கும். நாவலை அங்கே உட்கார்ந்து யோசிக்க வேண்டாம். ஒரு பத்தி போதும். நிறுத்துமுன் அடுத்து என்ன வருகிறது என்று ஒரு வரி குறித்துவையுங்கள், மறுநாள் தொடங்கும் தயக்கம் பாதி குறையும். குளிரில் பால்பாயின்ட் மை இறுகும், பென்சில் எழுதும். கை விறைத்தால் போனில் பேசிப் பதிவு செய்யுங்கள்.

இன்ஜினை அணைத்துவிட்டு எழுதுங்கள். டொராண்டோவில் ஒரு மணி நேரத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் சும்மா ஓடவிடக் கூடாது என்று விதி. அதைவிடப் பெரிய காரணம், பழைய வண்டியின் சைலன்சர் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தாலோ, பின்னால் பனி குவிந்து வாயை அடைத்திருந்தாலோ கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். வாசனையே இருக்காது. தலைவலி, தூக்கம் என்று தொடங்கும். இன்ஜின் ஓடாமல் ஹீட்டர் ஃபேனை மட்டும் போட்டாலும் பேட்டரி வேகமாக இறங்கும். ஒரு போர்வை வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பை இரவில் காரிலேயே விடாதீர்கள். மறந்து விட்டிருந்தால், வீட்டுக்குள் கொண்டுவந்து ஒரு மணி நேரமாவது பையைத் திறக்காமல் வையுங்கள். உடனே திறந்தால் உள்ளே ஈரம் கோக்கும். ஜில்லிட்ட பேட்டரிக்கு சார்ஜும் போடாதீர்கள்.

நேரக் கணக்கும் உதவும். குளிர்காலத்தில் ஊர் நமக்குப் பத்தரை மணி நேரம் முன்னால், கோடையில் ஒன்பதரை. 'இன்று மாலை ஆறுக்குள் அனுப்புங்கள்' என்று ஊரிலிருக்கும் பத்திரிகை ஆசிரியர் சொன்னால் ஜனவரியில் அது இங்கே காலை ஏழரை, பார்க்கிங்கில் உட்கார்ந்திருக்கும் நேரம். இங்கே இரவு எட்டு என்றால் பாலக்கோட்டில் காலை ஆறரை. கேழ்வரகுக் களத்தில் எதற்கு என்ன பெயர், மாந்தோப்புக் குத்தகை எந்த மாதம் பேசுவார்கள் என்று அம்மாவையோ மாமாவையோ கேட்க அதுதான் சரியான நேரம். கூகுளில் இது கிடைக்காது.

ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார், வீல் பேரிங் போனால் மாற்றி ஓட்டுங்கள். சப்ஃபிரேமில் ஓட்டை விழுந்தால் மட்டும் செலவு செய்யாமல் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள். கொடுக்குமுன் நம்பர் பிளேட்டைக் கழற்றிக்கொள்ளுங்கள். ஒன்டாரியோவில் அது காருக்கு அல்ல, ஆளுக்குச் சொந்தம். அடுத்து வாங்கும் பழைய காரிலும் அதையே மாட்டலாம்.