சாஸ் அறிக்கையில் அடிக்குறிப்பு அட்டவணையை விட்டு விலகி நிற்பது ஏன்?

சாஸ் (SAS) என்ற தரவு ஆய்வு மென்பொருளில் அட்டவணை அறிக்கை தயாரிக்கும் ப்ராக் ரிப்போர்ட்டில் (PROC REPORT) எண்கள் சரியாக வந்துவிடும். அது எழுதிய ஆர்டிஎஃப் (RTF, வேர்டு படிக்கும் ஒரு கோப்பு வகை) கோப்பை வேர்டில் திறந்தால் அட்டவணை நடுவில் நிற்கும், இடப்பக்கம் ஒதுக்கச் சொன்ன அடிக்குறிப்பு எங்கோ பக்கத்தின் இடது ஓரத்தில் கிடக்கும். புதிதாகப் படிப்பவர்கள் உடனே அடிக்குறிப்பை எழுதும் ஃபுட்நோட் வரியில் ஜே=எல் (இடது), ஜே=சி (நடு) என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். பலன் இருக்காது. ஜே= என்பது பக்கத்தின் மார்ஜினைத்தான் பார்க்கிறது; அட்டவணை எங்கே தொடங்குகிறது என்பது அதற்குத் தெரியாது.

சாஸ் வெளியீட்டை ஆர்டிஎஃப் கோப்பாக எழுதும் ஓடிஎஸ் ஆர்டிஎஃப் (ODS RTF) வழக்கமாக டைட்டிலை ஹெடரிலும் ஃபுட்நோட்டை ஃபூட்டரிலும் வைக்கும். வேர்டில் அடிக்குறிப்பு மங்கலாகத் தெரிந்தால் அது ஃபூட்டரில்தான் இருக்கிறது. ஆகவே முதலில் முடிவு செய்ய வேண்டியது, குறிப்பு பக்கத்தைச் சேர்ந்ததா, அட்டவணையைச் சேர்ந்ததா என்பது. புரோகிராம் பெயர், ஓடிய தேதி போன்றவை பக்கத்துக்கு உரியவை, ஃபுட்நோட்டிலேயே இருக்கட்டும். "வயது தெரியாதவர்கள் சேர்க்கப்படவில்லை" என்பது அட்டவணைக்கு உரியது.

பழக, சாஸுடன் வரும் மாதிரித் தரவான சாஸ்ஹெல்ப்.கிளாஸ் போதும்: 19 வரிசை, 5 மாறிகள். ப்ராக் ரிப்போர்ட் வரியின் ஸ்டைல்(ரிப்போர்ட்) பகுதியில் அட்டவணையின் அகலத்தை 100% ஆக்குங்கள். அட்டவணை மார்ஜினிலிருந்து மார்ஜின் வரை விரியும்; ஜே=எல் போட்ட குறிப்பு அதன் இடது விளிம்புக்கு நேராக வந்துவிடும். நெடுவரிசைகளுக்கும் சதவீதத்திலேயே அகலம் கொடுங்கள்: 30, 15, 15, 20, 19 என்று கூட்டுத்தொகை 100-ஐத் தாண்டாமல். இன்ச்சில் கொடுத்தால் தாள் மாறும்போது கணக்கு உடையும். படுக்கைவாட்டு லெட்டர் தாள் 11 இன்ச், ஏ4 11.69 இன்ச். இருபுறமும் 1 இன்ச் மார்ஜின் விட்டால் எழுத இடம் முன்னதில் 9, பின்னதில் 9.69. பேப்பர்சைஸ் ஆப்ஷனைக் கோப்பு திறக்கும் முன்பே எழுதிவிடுவது நல்லது.

மூன்று நெடுவரிசை மட்டுமுள்ள சிறிய அட்டவணையை 100% இழுத்தால் பார்க்கச் சகிக்காது. அங்கே அடிக்குறிப்பை அட்டவணைக்குள்ளேயே எழுதுங்கள்: கம்ப்யூட் ஆஃப்டர் _பேஜ்_ தொகுதி, அதற்குள் லைன் கூற்றுகள், ஸ்டைலில் ஜஸ்ட்=லெஃப்ட். குறிப்பு அட்டவணையின் கடைசி வரிசையாகவே அமைவதால், அட்டவணை எங்கே நகர்ந்தாலும் கூடவே நகரும். ஓடிஎஸ் ஆர்டிஎஃப் கூற்றின் பாடிடைட்டில் ஆப்ஷனும் ஃபுட்நோட்டை ஃபூட்டரிலிருந்து எடுத்து அட்டவணைக்குக் கீழே இறக்கும். ஆனால் பல பக்க அட்டவணையில் டைட்டில் தொடக்கத்திலும் குறிப்பு முடிவிலும் மட்டுமே வரும். ஒரு பக்க அறிக்கைக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

_பேஜ்_ என்ற பெயரை நம்பி ஏமாறுபவர்கள் அதிகம். ஆர்டிஎஃப்பில் பக்கம் எங்கே முடிகிறது என்பதைத் தீர்மானிப்பது வேர்டு. ப்ராக் ரிப்போர்ட்டுக்கு அது தெரியாது. நீங்களே பக்க எண் மாறி ஒன்றை உருவாக்கி, அதை ஆர்டர் நோப்ரின்ட் (வரிசைப்படுத்தும், ஆனால் அச்சாகாது) என்று வரையறுத்து, பிரேக் ஆஃப்டர் கூற்றில் பேஜ் ஆப்ஷன் கொடுத்தால்தான் குறிப்பு ஒவ்வொரு பக்கத்திலும் வரும். ஒரு பக்கத்துக்கு எத்தனை வரிசை? படுக்கைவாட்டு லெட்டர் தாளில் மேலும் கீழும் 1 இன்ச் போனால் 6.5 இன்ச், அதாவது 468 பாயிண்ட். 9 பாயிண்ட் எழுத்தில் வரிசைக்குச் சுமார் 13 பாயிண்ட் என்றால் 36 வரிசை. தலைப்பு, நெடுவரிசைப் பெயர்கள், குறிப்புகள் ஆகியவற்றுக்குக் கழித்து 24 வைத்துக்கொள்ளுங்கள். கஞ்சத்தனம் பார்த்து 30 வைத்தால், நீளமான பெயர் ஒன்று இரண்டு வரியாக மடிந்ததும் குறிப்பு மட்டும் அடுத்த பக்கத்துக்குத் தாவும். அதற்குப் பின் கிட்டத்தட்ட வெற்றுப் பக்கம்.

குறிப்பைச் சில பக்கங்களில் மட்டும் காட்ட வேண்டுமானால் லைனை இஃப் கூற்றுக்குள் வைக்காதீர்கள். நிபந்தனை பொய்யானாலும் லைன் ஓடும். உரையை ஒரு மாறியில் வைத்து, $வேரியிங் ஃபார்மேட்டில் அதன் நீளத்தை இன்னொரு மாறியாகக் கொடுத்து, வேண்டாத இடத்தில் நீளத்தை 0 ஆக்குங்கள்.

நீளமான குறிப்பு மடியும்போது இரண்டாம் வரி, குறிப்பின் தொடக்கத்தில் உள்ள குறியீட்டுக்குக் (* போன்றது) கீழே போய் உட்காரும். ஆர்டிஎஃப் கட்டளையை நேரடியாகச் செருகி இடது உள்ளொதுக்கம் 180, முதல் வரி மைனஸ் 180 என்று கொடுத்தால் உரை உரைக்கு நேராக நிற்கும். இந்த அலகு ட்விப். 1 இன்ச்சுக்கு 1440. ஸ்பேஸ் தட்டி நகர்த்த முயன்றால் இடைவெளியை அப்படியே காக்கும் ஏஸிஸ்=ஆன் இல்லாத இடத்தில் முன்னிடைவெளி மறைந்துபோகும்.

சாஸின் பேஸ் புரோகிராமிங் சான்றிதழ்த் தேர்வுக்குப் படிப்பவர்கள் இரண்டை நினைவில் வையுங்கள். ஃபுட்நோட்2 மறுபடி எழுதினால் பழைய ஃபுட்நோட்3 முதல் 10 வரை எல்லாம் அழியும், ஃபுட்நோட்1 தங்கும். குறிப்பில் மேக்ரோ மாறி (ஓடும்போது அதன் மதிப்பு பெயருக்குப் பதிலாக வரும்) இருந்தால் இரட்டை மேற்கோள் வேண்டும்; ஒற்றை மேற்கோளில் & குறியோடு அதன் பெயரே அச்சாகும்.