குண்டூசியும் பூமியும்

டெய்லர் கடையில் குண்டூசி டப்பா கவிழ்ந்துவிட்டது. தரையெல்லாம் ஊசி.

அண்ணன் பதறவில்லை. பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை நூலில் கட்டித் தரைக்கு மேலே மெல்ல ஆட்டினார்.

முதல் ஊசி லேசாகத் தலை தூக்கியது. ஒரு நொடி தயங்கியது. அப்புறம் டக்கென்று எழும்பி ஒட்டிக்கொண்டது.

அந்த ஒரு நொடி இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை.

கீழே மொத்த பூமியும் அந்த ஊசியை இழுக்கிறது. மேலே உள்ளங்கை அளவு காந்தம். ஜெயித்தது காந்தம்!

அணுக்கருவைக் கட்டிவைக்கும் வலுவிசை, பீட்டா சிதைவு என்ற ஒருவகைக் கதிரியக்கத்துக்குக் காரணமான மென்விசை, மின்காந்த விசை, ஈர்ப்பு. நமக்குத் தெரிந்த நான்கு அடிப்படை விசைகளில் ஈர்ப்புதான் ஆகப் பலவீனமானது. இரண்டு புரோட்டான்களுக்கு இடையே உள்ள மின்விலக்கம், அவற்றின் ஈர்ப்பைவிட எத்தனை மடங்கு பெரிது தெரியுமா? 1 போட்டு, பின்னால் 36 சுழியம் போடுங்கள். கிட்டத்தட்ட அவ்வளவு.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? இன்னும் பதில் இல்லை. மின்காந்த விசையைச் சுமக்கும் ஒளித்துகளான ஃபோட்டான் தினமும் நம் கண்ணுக்குள் வந்து விழுகிறது. 2012-இல் செர்ன் துகள் ஆய்வகத்தில் ஹிக்ஸ் போசான் என்ற அடிப்படைத் துகளும் அகப்பட்டது. ஈர்ப்பைச் சுமப்பதாகக் கருதப்படும் கிராவிட்டான் மட்டும் இன்றுவரை சிக்கவில்லை.

கிளம்பும்போது அந்தக் காந்தத்தைக் கேட்டு வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன்.

நல்ல கனம்.