பரதராமிக்கு அப்பால் இருக்கும் சாப்

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களின் நட்பு என்றாலே, போர்முனை நினைவுகளைப் பேசிப் பொழுது போக்கும் நட்பு என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். ‘சாப்’ என்று பட்டாளத்து வழக்கப்படி நான் மரியாதையாக அழைக்கும் ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவருக்கும் எனக்கும் உள்ள நட்போ பெரும்பாலும் காகிதங்களைச் சுற்றியே வளர்ந்தது; இதை மிகுந்த நன்றியோடு எழுதுகிறேன்.

வேலூர் மாவட்டத்தில் பட்டாளத்துக்காரர் இல்லாத ஊரைக் காண்பது அரிது. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே அழைக்கும் அளவுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைப் படைக்கு அனுப்பிய மாவட்டம் இது. ஆனாலும், குடியாத்தத்தை அடுத்த என் சிற்றூருக்கு நான் ஹவில்தாராக ஓய்வு பெற்றுத் திரும்பியபோது, என் வயதை ஒத்த முன்னாள் படைவீரர் அங்கே எவரும் இல்லை. விடியுமுன் எழுந்து முகம் மழித்துத் தயாராகிவிட்டு, போவதற்கு ஓர் இடமில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் காலைப்பொழுதின் கனம், அதைக் கடந்து வந்தவர்களுக்கே தெரியும்.

சாப்பை நான் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டத்தின் வேலூர் இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்கில் மருந்துக்குக் காத்திருந்த வேளையில் சந்தித்தேன். சித்தூர் சாலையில் பரதராமியைத் தாண்டி, ஆந்திர எல்லைக்குள் மாந்தோப்பு வைத்திருக்கும் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர்; மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சுபேதாராக இருந்தவர். நானோ பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்தவன். பணியில் இருந்த காலமாக இருந்தால் அவருக்கு இளநிலை அதிகாரிகளுக்கான ஜே.சி.ஓ. மெஸ், எனக்குப் படைவீரர்களுக்கான லங்கர் என்று சாப்பாட்டு இடமே வேறாக இருந்திருக்கும். இன்று அவர் வீட்டுக் கூடத்தில் இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அவர் மனைவி எனக்கு அண்ணி.

அவரிடம் நீல நிற பிளாஸ்டிக் கோப்பு ஒன்று உண்டு. டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. என்னும் ஓய்வூதிய ஆணை, மருத்துவ அட்டை, மனைவியின் ஆதார், வங்கிப் புத்தகம் என ஒவ்வொன்றின் நகலும் தனித்தனி உறையில் இருக்கும். உறையின் மேல், எந்தக் காகிதம் எதற்குத் தேவை என்று தமிழில் தம் கையால் எழுதி ஒட்டியிருப்பார். எனக்கும் அப்படியொரு கோப்பைத் தயாரிக்க உட்கார்ந்தபோதுதான், என் மனைவியின் பெயர் படைப் பதிவேட்டில் ஓரெழுத்து மாறியிருப்பதையும், பிறந்த தேதி ஆதாரோடு பொருந்தாமல் இருப்பதையும் அவர் கண்டுபிடித்தார். குடும்ப ஓய்வூதியம் நின்றுபோகவோ, ஆண்டுக்கணக்கில் இழுபடவோ இந்த வேறுபாடு ஒன்றே போதும். “தம்பி, நாளைக்கு நமக்கு ஒண்ணு ஆயிடுச்சின்னா, அந்தப் பொண்ணு இந்தக் காகிதத்தைத் தூக்கிக்கினு எந்த ஆபீஸ் படி ஏறும்? நாம இருக்கும்போதே சரி பண்ணிடணும்” என்றார். உறுதிமொழிப் பத்திரம் எழுதியது முதல் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்திலிருந்து திருத்தம் வந்து, திருத்திய ஓய்வூதிய ஆணையான கொரிஜெண்டம் பி.பி.ஓ. என் கைக்குக் கிடைத்தது வரை, தம் தோப்பு வேலையைத் தள்ளிவைத்துவிட்டு என்னோடு அலைந்தார். உடன்பிறந்தவர்கள்கூட இவ்வளவு பொறுமையாக வந்திருப்பார்களா என்பது ஐயமே.

எல்லைக்கோடு எங்களைச் சில இடங்களில் பிரிக்கிறது. மாநில அரசின் உதவிகளுக்கு அவர் சித்தூருக்கும் நான் வேலூருக்கும் போக வேண்டும். ஓய்வூதியம் மட்டும் இருவருக்குமே பிரயாக்ராஜிலிருந்து ஸ்பர்ஷ் என்னும் படைத்துறை ஓய்வூதிய இணையத் தளம் வழியாக வருகிறது. 2014 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒரே பதவி ஒரே ஓய்வூதியத் திட்டத்தின்படி 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை தொகை திருத்தப்படும்போது, பதவி, பணிப்பிரிவைக் குறிக்கும் குரூப், பணியாண்டு என விரியும் அந்த நீண்ட அட்டவணையில் எங்கள் வரிசையை விரலால் தேடிப் பிடிப்பது அவர் வேலை. ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்றிதழைக் கைபேசியில் பதிவு செய்து தருவது என் வேலை. பக்கத்து ஊர்களில் கணவரை இழந்த பெண்களுக்கும் இப்போது இருவருமாகச் சென்று இதைச் செய்து கொடுக்கிறோம்.

அடுத்த மாதம் பேர்ணாம்பட்டுப் பக்கத்து நாயக் ஒருவர் ஓய்வு பெற்று வருகிறார். அவர் இன்னும் யூனிட்டை விட்டே கிளம்பவில்லை. அதற்குள் அவர் மனைவியின் ஆதார் நகலைக் கேட்டு வாங்கி, பெயரின் எழுத்துகளைச் சரிபார்க்கச் சொல்லி சாப் எனக்கு அனுப்பிவிட்டார்.