கட்டில் தலைமாட்டில் ஒரு வளைவு

பத்தடிக்கு ஒன்பதடி அறை. கட்டிலும் அலமாரியும் போட்டபின் நடக்க ஓர் ஓரம்தான் மிச்சம். இதில் புதிதாக எந்தச் சாமானைக் கொண்டுவந்தாலும் அறை இன்னும் சுருங்கும். இடத்தை அடைக்காமல் மாற்ற முடிந்தது சுவர் மட்டும்தான். அதிலும் நான்கையும் தொடுவதில்லை, தலைமாட்டுச் சுவருக்கு மட்டும் பெயின்ட் அடித்து அதில் கட்டிலுக்கு மேலே வேறு நிறத்தில் ஒரு வளைவு வரைவதோடு சரி என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன்.

செலவுக் கணக்கும் அதையேதான் சொன்னது. ஒரு லிட்டர் எமல்ஷன், அதாவது தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயின்ட், ஒரு கோட்டுக்குச் சுமார் 100 முதல் 120 சதுர அடி வரும். நான்கு சுவரும் என்றால் கதவு, ஜன்னல் போக 300 சதுர அடி; இரண்டு கோட்டுக்கு ஐந்தாறு லிட்டர் வேண்டும். தலைமாட்டுச் சுவர் 90 சதுர அடிதான், இரண்டு லிட்டருக்குள் முடிந்துவிடும். மற்ற மூன்றிலும் பழைய வெள்ளை உரியாமல் இருந்ததால் ஈரத்துணியால் துடைத்ததோடு விட்டாயிற்று.

வண்ணத்துக்கு ஒரு டப்பா வெள்ளை மேட் (பளபளக்காத) எமல்ஷன், அதில் கலக்கும் நிறச்சாறான ஸ்டெயினர் மஞ்சள் காவியிலும் செங்காவியிலும் சின்ன பாட்டில் ஒவ்வொன்று. அவ்வளவுதான். சுவருக்குச் சில சொட்டு விட்டு இளம் சந்தன நிறம். வளைவுக்கு அதே கலவையில் காவியைக் கூட்டி வெளிறிய செங்கல் நிறம். ஒரே டப்பாவில் பிறந்தவை என்பதால் இரண்டும் சண்டை போடாது. வெள்ளையில் ஸ்டெயினர் கலந்து அடர் நிறம் எடுக்க நினைப்பது வீண். அளவுக்கு மேல் ஊற்றினால் பெயின்ட் சரியாகக் காயாது. அடர்த்தி வேண்டுமானால் அதற்கென்று உள்ள அடிப்படை பெயின்ட்டில் (பேஸ்) கலந்துதான் வாங்க வேண்டும். இன்னொன்று, எமல்ஷன் காய்ந்ததும் நிறம் சற்றுக் கூடும். அதனால் அட்டையில் தடவிக் காயவிட்டு, பகலில் ஜன்னல் பக்கமும் இரவில் பல்பு வெளிச்சத்திலும் பிடித்துப் பார்த்தேன். மஞ்சள் பல்புக்கடியில் சந்தனம் நன்றாகவே கனிந்து தெரிந்தது. தேவையான அளவை ஒரே தடவையில் கலந்து வைப்பது முக்கியம். பாதியில் தீர்ந்தால் அதே நிறம் மறுபடி கைக்கு வராது.

சுவரைத் தயார் செய்வதுதான் அலுப்பான பகுதி. ஆணி ஓட்டைகளில் பட்டி வைத்து, காய்ந்ததும் 220 நம்பர் உப்புத்தாளைப் போட்டு, தூசியைத் துடைத்து, பட்டி வைத்த இடத்தில் மட்டும் பிரைமர். ரொம்பப் பழைய பெயின்ட்டாக இருந்தால் உலர்வாகத் தேய்க்கக் கூடாது, ஈயம் கலந்திருக்கலாம். ஈரம் கசியும் சுவர் என்றால் கசிவை நிறுத்தாமல் பிரஷ்ஷையே எடுக்க வேண்டாம். மேட் வாங்கியதற்குக் காரணமும் சுவர்தான்: பளபளப்பு ஏற ஏற மேடுபள்ளம் எல்லாம் பல்லைக் காட்டும்.

சுவருக்குச் சந்தன நிறம் அடித்துக் காய்ந்தபின் வளைவு. கட்டில் அகலம் நாலடி. வளைவு அதற்கு இருபுறமும் அரையடி கூடுதலாக ஐந்தடி. நூலில் ஒரு நட்டைக் கட்டித் தூக்குக்குண்டாக்கி, தரையிலிருந்து நாலடிக்கு இரண்டு நேர்க்கோடு போட்டேன். அந்த உயரத்தில் நடுவில் ஒரு சின்ன ஆணி, அதில் இரண்டரை அடி நூல், நூல் முனையில் பென்சில். நூல் தளராமல் ஒரே இழுப்பாக இழுத்தால் அரைவட்டம் விழுந்துவிடும். உச்சி ஆறரை அடியில் நின்றது. கண் தானாக மேலே போவதால் அறை கொஞ்சம் உயர்ந்த மாதிரி இருக்கிறது. அகலம் கூடியதாகச் சொன்னால் பொய்.

நேர்க்கோட்டுக்கு மாஸ்கிங் டேப். ஒட்டியதும் அதன் விளிம்பில் முதலில் சுவரின் சந்தன நிறத்தையே ஒரு மெல்லிய பூச்சு பூச வேண்டும். டேப்புக்கடியில் கசிவது அந்த நிறமாகவே இருக்கும், மேலே வரும் செங்கல் நிறம் கசிய இடமில்லை. கடைசிக் கோட் முழுதாகக் காய்வதற்குள் டேப்பை மடித்தாற்போல் மெதுவாக உரித்தால் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும். வளைந்த பகுதிக்குச் சாதாரண டேப் மடங்காது. அங்கே ஒரு அங்குல பிரஷ்தான். நுனியை மட்டும் நனைத்து, கோட்டுக்குச் சற்று உள்ளே வைத்து அழுத்தி, மயிர் விரிந்ததும் மெல்ல வெளியே தள்ளிக் கோட்டைத் தொட்டு இழுக்க வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை, ஆனால் ருசியான வேலை.

வளைவின் ஓரத்தில் இலைக்கொடி. அதற்கு ஸ்டென்சில், அதாவது உருவம் வெட்டிய தகடு, காசு கொடுத்து வாங்கவில்லை. பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் நாலு இலை வெட்டிக்கொண்டேன். பிரஷ்ஷில் எடுத்த பெயின்ட்டைக் காகிதத்தில் தட்டித் தட்டி, கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லாத நிலைக்கு வந்தபின் சுவரில் நேர்குத்தாகக் குத்த வேண்டும். நிறம் வரவில்லையே என்று தோன்றும். வரவேண்டாம், இரண்டாவது சுற்றில் வரும். ஒவ்வொரு தடவையும் ஃபிலிமின் பின்பக்கத்தைத் துடைப்பது கட்டாயம். உச்சியில் ஆரம்பித்து இரண்டு பக்கமும் இறங்கினேன். இலைக்கணக்கு இடது வலது பொருந்தாவிட்டாலும் அந்த வித்தியாசம் கட்டிலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும்.

ஸ்பாஞ்சால் ஒற்றி எடுக்கும் வேலைப்பாட்டையும் அட்டையில் பார்த்தேன். பெரிய கூடத்துக்குச் சரி, இவ்வளவு பக்கத்தில் படுத்துப் பார்க்கிற சுவருக்கு இரைச்சல்.

செங்கல் நிறம் கால் டப்பா மீந்திருக்கிறது. அலமாரிக் கதவுக்கு அடிக்கலாம் என்றால் அதில் பழைய எனாமல் மினுங்குகிறது, அதன்மேல் எமல்ஷன் நேராக ஒட்டாது. உப்புத்தாள் போட்டு மினுமினுப்பைப் போக்கி, பிடிப்பு தரும் பிரைமர் ஒன்று அடித்தாக வேண்டும். கதவின் உள்பக்கத்தில் ஒரு சாண் இடத்தில் அதைச் செய்து வைத்திருக்கிறேன். நகத்தால் சுரண்டினால் உரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மீதிக் கதவு.